பிரெல்லியைக் காலண்டர் காப்பாற்றவில்லை

எல்லா டயரும் கறுப்பு, எல்லா டயரும் வட்டம். வாங்குகிறவருக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே விற்பனையாவது டயர் அல்ல, அதன்மேல் ஏற்றிவைத்த கதைதான். வணிகப் பத்திரிகைகளிலும் எம்.பி.ஏ. வகுப்புகளிலும் அலுக்காமல் ஓதப்படும் வாதம் இது. இதற்கு முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றப்படுவது இத்தாலியின் மிலான் நகரத்து பிரெல்லி கம்பெனி. 1964இல் அது தொடங்கிய காலண்டர் கடையில் விலைக்குக் கிடைக்காது. கம்பெனி பொறுக்கியெடுத்தவர்களின் கைக்கு மட்டுமே போகும். முதல் காலண்டரின் படங்களை எடுத்தவர் பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டு உறைகளுக்குப் படம் எடுத்த ராபர்ட் ஃப்ரீமன். பின்னால் ஹெர்ப் ரிட்ஸ், ரிச்சர்ட் அவெடன், பீட்டர் லிண்ட்பெர்க், ஆனி லீபோவிட்ஸ் என்று புகைப்படக் கலையின் பெரிய பெயர்கள் வரிசையாக வந்தன. 1990களின் தொடக்கத்தில் மூழ்கப்போன இந்தக் கம்பெனிதான் 2011 முதல் ஃபார்முலா 1 பந்தயத்துக்கு டயர் தரும் ஒரே நிறுவனம். இடைப்பட்ட காலத்தில் அதைக் கரைசேர்த்தது காலண்டர் சேர்த்துவைத்த பெயர்தான் என்பது பலரும் நம்பும் கதை.

நான் இதை முழுதாக மறுக்கிறேன். அதற்குமுன் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலு குறையாமல் சொல்லிவிட வேண்டும். காலண்டரைப் பார்த்துவிட்டு யாரும் நேரே டயர் கடைக்கு ஓடுவதில்லை என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வது வேறு. ஒரு ரப்பர் பொருளை விலையுயர்ந்த கைக்கடிகாரத்துக்கும் பட்டாடைக்கும் பக்கத்தில் உட்காரவைத்தது காலண்டர். அதனால் அதே அளவு டயருக்கு மற்றக் கம்பெனிகளைவிடக் கூடுதல் விலை கேட்க முடிந்தது. அந்தக் கூடுதல் விலையில்தான் கடன் தீர்ந்தது. போதாததற்கு, நஷ்டக் காலத்தில் கட்டடத்தையும் இயந்திரத்தையும் கடன்காரர் ஜப்தி செய்யலாம், மக்கள் மனத்தில் இருக்கும் பெயரை ஜப்தி செய்ய முடியுமா என்றும் கேட்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆண்டுகளை வரிசையாக எடுத்துப் பக்கத்தில் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

1. மருந்து என்கிறீர்களே, நோய் வந்தபோது அதை ஏன் நிறுத்தினார்கள்?

காலண்டரைத் தொடங்கியது மிலான் தலைமையகம்கூட அல்ல. பிரிட்டனில் இருந்த கிளை நிறுவனம். அப்போது பிரெல்லிக்கு வயது 92. ஜொவான்னி பத்திஸ்தா பிரெல்லி 1872இல் தொடங்கிய கம்பெனி, தந்திக் கம்பிகளுக்கு ரப்பர் உறை போட்டும், கடலடிக் கேபிள் இழுத்தும், சைக்கிளுக்கும் காருக்கும் டயர் செய்தும் காலண்டர் இல்லாமலே உலகக் கம்பெனியாகிவிட்டிருந்தது. 1907இல் பீக்கிங்கிலிருந்து பாரீசுக்கு நடந்த கார் ஓட்டத்தில் இளவரசர் போர்கேசே வென்ற இத்தாலா கார் பிரெல்லி டயரில்தான் ஓடியது.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. கார் விற்பனை படுத்தது, டயர் விற்பனையும் அதோடு படுத்தது. 1971இல் பிரிட்டனின் டன்லப்போடு போட்டுக்கொண்ட கூட்டும் கைகொடுக்கவில்லை. பத்தாண்டு இழுத்து 1981இல் அதை முறித்துக்கொண்டார்கள். அந்த நெருக்கடியில் பிரெல்லி கைவைத்த செலவுகளில் ஒன்று காலண்டர். 1974ஆம் ஆண்டுக் காலண்டரோடு அது நின்றது. மறுபடி வந்தது 1984இல்தான். ஜியோ பொன்தி வடிவமைத்து மிலானின் அடையாளமாகவே ஆகிவிட்ட பிரெல்லி கோபுரத்தையும் 1978இல் லொம்பார்தி மாநில நிர்வாகத்துக்கு விற்றுவிட்டார்கள்.

பெயரும் பெருமையும்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தும் என்று அந்த நிர்வாகிகள் நம்பியிருந்தால், கஷ்டம் வந்ததும் முதலில் அந்த இரண்டிலுமா கைவைத்திருப்பார்கள்? நம்மூர் மளிகைக் கடைக்காரர் டிசம்பர் கடைசியில் சிவகாசியில் அச்சடித்த முருகன் காலண்டரைச் சுருட்டிக் கொடுக்கிறார். வியாபாரம் படுத்த ஆண்டில் “இந்த வருஷம் அடிக்கலைங்க” என்கிறார். காலண்டர் அடித்ததால்தான் கடை ஓடியது என்று தெருவில் ஒருவரும் சொல்வதில்லை. தெருவுக்குத் தெரிந்த கணக்கு எம்.பி.ஏ. வகுப்புக்குத் தெரியவில்லை.

2. காலண்டர் இல்லாத ஒன்பது ஆண்டுகளில் கம்பெனி என்ன செய்துகொண்டிருந்தது?

எதிர்த்தரப்பு இதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. அந்த ஆண்டுகளில்தான் பிரெல்லியின் பி7 டயர் சாலைக்கு வந்தது. லான்சியா ஸ்திராதோஸ் என்ற ராலி காரின் வலுவைத் தாங்க அகலமான, பக்கச்சுவர் குட்டையான டயர் தேவைப்பட்டது. வேகம் ஏறும்போது டயர் சுழற்சியின் விசையில் விரிந்து உருமாறும். உள்ளிருக்கும் எஃகுப் பட்டைகள் மட்டும் அதை அடக்கப் போதாது. எஃகுப் பட்டைகளுக்கு மேல் நைலான் இழையைச் சுற்றளவை ஒட்டியே வரிந்து சுற்றினார்கள். இறுக்கிப் பிடித்த அந்த நைலான், டயரை விரியவிடாமல் வைத்தது. ராலிக்குச் செய்த டயர் சீக்கிரமே போர்ஷே கார்களுக்குப் போனது. இன்று சாதாரணக் குடும்பக் காரில்கூடக் குட்டைப் பக்கச்சுவர் டயர் இருக்கிறது என்றால் அதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. இதே வழியில் வந்ததுதான் 1980களின் பி ஸீரோ. பிரெல்லி இன்று அதிக விலைக்கு விற்கும் டயர்கள் பலவற்றின் மேலும் அந்தப் பெயர் இருக்கிறது.

அதாவது, கூடுதல் விலை கேட்கும் உரிமையை பிரெல்லி சம்பாதித்தது காலண்டர் அலமாரியில் தூங்கிய காலத்தில். அதற்கு முந்தைய பெரிய சம்பாத்தியமான சிந்துராத்தோ ரேடியல் டயர் 1950களில் வந்தது. அப்போது காலண்டர் பிறக்கவே இல்லை.

3. சரி, காலண்டர் திரும்பி வந்த பிறகு என்ன நடந்தது?

கம்பெனி மூழ்கப்போனது. காலண்டர்க் கதை சொல்கிறவர்கள் 1984ஐயும் 1991ஐயும் ஒரே மூச்சில் சொல்லக் கூசுவதற்குக் காரணம் இதுதான். 1988இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோனை வாங்கப் போட்டியில் குதித்தது பிரெல்லி. ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் மிகப் பெரிய விலை சொல்லித் தட்டிக்கொண்டு போனது. கை சும்மா இருக்கவில்லை; அதே ஆண்டு ஆம்ஸ்ட்ராங் என்ற சிறிய அமெரிக்க டயர்க் கம்பெனியை வாங்கினார்கள். 1990இல் தன்னைவிடப் பெரிய டயர்த் தொழிலை வைத்திருந்த ஜெர்மனியின் கான்டினென்டலைத் தன்னோடு இணைக்கக் கிளம்பினார்கள். ஜெர்மன் நிர்வாகமும் அதன் பின்னால் நின்ற நிறுவனங்களும் வளைந்து கொடுக்கவில்லை. 1991 முடிவதற்குள் திட்டம் கவிழ்ந்தது. அந்த முயற்சிக்காகக் கான்டினென்டல் பங்குகளை வாங்கிவைத்திருந்த கூட்டாளிகளின் நஷ்டத்தையும் பிரெல்லியே ஏற்க வேண்டிவந்தது. 1992இல் லியோபோல்தோ பிரெல்லி நிர்வாகப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார்; மார்க்கோ திரோன்கெத்தி புரோவேரா கைக்குக் கம்பெனி போனது.

இந்த ஆண்டுகள் முழுக்கக் காலண்டர் தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஹெல்முட் நியூட்டனைக் கூப்பிட்டு 1986 காலண்டருக்குப் படம் எடுக்க வைத்து, வெளியிடாமலே பெட்டியில் வைக்கும் அளவுக்குத் தாராளம் இருந்தது. அந்தப் படங்கள் 2014க்கான காலண்டராகத்தான் வெளியே வந்தன. பெயரும் புகழும் ஒரு கம்பெனியை மூழ்காமல் காக்கும் என்றால், இந்தக் கம்பெனி 1991இல் மூழ்கப்போயிருக்கவே கூடாது. தன்னைப் பற்றித் தானே அச்சடித்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்கள் உயரம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துவிட்டது என்பது என் ஊகம். நிரூபிக்க முடியாது, ஆனால் காலண்டர் காப்பாற்றியது என்ற ஊகத்தைவிட இது ஆண்டுகளோடு நன்றாகவே பொருந்துகிறது.

4. அப்படியானால் மீட்சி எங்கிருந்து வந்தது?

முதலில், விற்பனையிலிருந்து. டயர் விற்பனையிலிருந்து அல்ல, கம்பெனியின் துண்டுகளை விற்றதிலிருந்து. 1992க்குப் பிறகு டயரும் கேபிளும் அல்லாத தொழில்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஆள் குறைப்பு நடந்தது. 1994இல் ஓட்ட வீரர் கார்ல் லூயிஸைக் குதிகால் உயர்ந்த சிவப்புச் செருப்பில் ஓட்டத்துக்குக் குனிந்து நிற்கவைத்த புகழ்பெற்ற விளம்பரம் வந்தபோது இந்த வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. விளம்பரம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை யாருக்கும் நினைவில்லை.

பிறகு வந்தது அதிர்ஷ்டம். இணைய மோகம் உச்சியில் இருந்த 2000ஆம் ஆண்டில், ஒளியிழைத் தொடர்புக்கான கருவிகள் செய்யும் தன் பிரிவை அமெரிக்காவின் கார்னிங்குக்குச் சுமார் 360 கோடி டாலருக்குப் பேசி விற்றது பிரெல்லி. சீக்கிரமே குமிழி உடைந்தது. கிடைத்த பணத்தின் பெரும்பகுதியை டெலிகாம் இத்தாலியாவின் பங்குகளில் போட்டு, 2007இல் பெரும் நஷ்டத்தோடு வெளியேறினார்கள். ஆகவே திரோன்கெத்தி புரோவேராவை மீட்பர் என்று கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடனைக் குறைத்தது சொத்து விற்பனை என்பதில் ஐயமில்லை.

மூன்றாவதுதான் நிலைத்த காரணம், அதற்கும் காலண்டருக்கும் ஒட்டு உறவு கிடையாது. ஒரு புதிய போர்ஷே அல்லது பிஎம்டபிள்யூ கார் வரைபடத்தில் இருக்கும்போதே டயர்க் கம்பெனியின் பொறியாளர்கள் கார்க் கம்பெனியோடு உட்கார்ந்து அந்தக் காருக்கென்றே ஒரு டயரை உருவாக்குகிறார்கள். ஈரச் சாலையில் பிரேக், வளைவில் பிடிப்பு, இரைச்சல், எரிபொருள் செலவு, தேய்மானம் என்று ஒவ்வொன்றிலும் கார்க் கம்பெனி தேர்வு வைக்கும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். திரும்பத் திரும்ப மாற்றிச் செய்து தேறினால்தான் ஒப்புதல். தேறிய டயரின் பக்கச்சுவரில் போர்ஷேவுக்கு ‘என்’ (N) என்ற எழுத்து, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடீஸுக்கு எம்ஓ என்ற குறி விழும். கார் வாங்கியவர் டயர் தேய்ந்ததும் அதே குறியுள்ள டயரைத் தேடுகிறார். ஷோரூமும் அதையே பரிந்துரைக்கிறது. கார்க் கம்பெனிக்குக் குறைந்த லாபத்தில் கொடுத்த டயர், மாற்று டயர் விற்பனையில் நல்ல விலையாகத் திரும்பி வருகிறது. 18 அங்குலமும் அதற்கு மேலுமான ரிம்களுக்கான இந்த உயர்விலை டயர்களிலிருந்துதான் இப்போது பிரெல்லியின் வருமானத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்கிறது. லாரி, பஸ் டயர்த் தொழிலையே தனியாகப் பிரித்து விட்டுவிட்டது. அது இன்று ப்ரொமெத்தியோன் என்ற வேறு கம்பெனி.

போர்ஷேயின் சோதனை ஓட்டுநர் காலண்டரைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை.

5. பெயரைக் கழற்றி எறிந்த பாதி என்ன ஆனது?

காலண்டர்க் கட்சி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2005இல் பிரெல்லி தன் கேபிள் தொழிலை கோல்ட்மேன் சாக்ஸின் முதலீட்டு நிதிக்கு விற்றது. நூற்றாண்டைத் தாண்டிய பெயர் கூடப் போகவில்லை. பிரிஸ்மியன் என்று யாரும் கேள்விப்பட்டிராத ஒரு புதுப் பெயரோடு அந்தத் தொழில் தெருவுக்கு வந்தது. காலண்டர் இல்லை, கோபுரம் இல்லை, பந்தயக் கார் இல்லை. இருந்தவை தொழிற்சாலைகள், கடலடிக் கேபிள் பதிக்கும் கப்பல், தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய தொழிலறிவு. இன்று உலகின் மிகப் பெரிய கேபிள் உற்பத்தியாளர் பிரிஸ்மியன்.

கேபிள் வாங்குகிறவர்கள் பொறியாளர்கள், டயர் வாங்குகிறவர்கள் பொதுமக்கள், இரண்டும் ஒன்றா என்று கேட்பார்கள். மேலே சொன்னதுதான் பதில்: உயர்விலை டயரிலும் முதல் தீர்ப்பு எழுதுகிறவர் கார்க் கம்பெனியின் பொறியாளர். பொதுமக்கள் அவர் எழுதிய தீர்ப்பை வாங்குகிறார்கள்.

6. பாரம்பரியமே காப்பாற்றும் என்றால் டன்லப்பை ஏன் காப்பாற்றவில்லை?

காற்றடைத்த டயரை 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் செய்துகாட்டியவரின் பெயர் அது. அதைவிடப் பெரிய பாரம்பரியம் டயர்த் தொழிலில் வேறு ஏது? லெ மான் பந்தயத் திடலில் டயர் வடிவில் நிற்கும் டன்லப் பாலம் பிரெல்லி காலண்டரைவிடப் பழையது. ஆனாலும் 1980களின் நடுவில் டன்லப் துண்டு துண்டாக விலைபோனது. ஐரோப்பிய டயர்த் தொழில் ஜப்பானின் சுமிடோமோவுக்குப் போனது. இந்தியாவில் 1936இல் வங்காளத்துச் சாகாகஞ்சிலும் 1959இல் சென்னை அம்பத்தூரிலும் தொடங்கிய டன்லப் தொழிற்சாலைகள், பல கைகள் மாறி, மூடித் திறந்து மூடி, கடைசியில் நீதிமன்றத்தின் கலைப்பு ஆணையில் போய் முடிந்தன. அம்பத்தூரில் சம்பளத்துக்கும் பணிக்கொடைக்கும் அலைந்த குடும்பங்களுக்கு அந்தப் பெயரின் புகழால் ஒரு படி அரிசி கிடைக்கவில்லை.

இங்கே எதிர்த்தரப்பு துள்ளி எழும்: பின்னால் தன் கைக்கு வந்திருந்த அதே டன்லப் பெயரின் உரிமையை 2025இல் அமெரிக்காவின் குட்இயர், சரக்கிருப்பும் சேர்த்துச் சுமார் 70 கோடி டாலருக்கு சுமிடோமோவுக்கு விற்றதே, பெயருக்கு மதிப்பு இல்லையா? இருக்கிறது. நான் மறுப்பது மதிப்பை அல்ல, அது மீட்கும் என்ற நம்பிக்கையை. கடனில் சிக்கிய குட்இயரை அந்தப் பெயர் மீட்கவில்லை. கடன் அடைக்க விற்கும் பொருளாகத்தான் அது உதவியது. வாங்கியதும் யார்? டன்லப் டயரை ஜப்பானில் பல்லாண்டாகத் தொடர்ந்து செய்துவந்தவர்கள். குட்இயரின் புகழ்பெற்ற விளம்பர ஆகாயக்கப்பல் நூற்றாண்டு கொண்டாடிய ஆண்டும் அதுவேதான். அதே ஆண்டில் சுரங்க வண்டிகளுக்கும் கட்டுமான வண்டிகளுக்குமான டயர்த் தொழிலை யோகோஹாமாவுக்குச் சுமார் 90 கோடி டாலருக்கு ஒப்படைத்தது. 1986இல் முதலீட்டாளர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித் குட்இயரின் பங்குகளை வளைத்தபோதும் இதே கதைதான்: அவரை அனுப்பிவைக்க வாங்கிய கடனுக்காக குட்இயர் விற்றவற்றில் ஒன்று, அந்த ஆகாயக்கப்பல்களைக் கட்டிய விண்வெளிப் பிரிவு. இன்று குட்இயரின் பெயர் தாங்கி அமெரிக்க மைதானங்களின்மேல் மிதப்பவை ஜெர்மனியின் செப்பலின் நிறுவனத்தின் வடிவமைப்பு.

7. நம்மூர் உதாரணம் வேண்டுமா?

எம்ஆர்எஃப் என்றதும் டெண்டுல்கரின் மட்டையும் டயரைத் தூக்கிப் பிடிக்கும் தசைமனிதனும்தான் நினைவுக்கு வருகிறார்கள். 2023இல் அதன் பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டபோது அந்த இரண்டுக்கும்தான் ஆளாளுக்கு மாலை போட்டார்கள். ஆண்டுகளைப் பாருங்கள். 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்த கொட்டகை. 1952இல், தேய்ந்த லாரி டயருக்கு மேல்பட்டை ஒட்டும் டிரெட் ரப்பர். அந்தச் சந்தையில் வெளிநாட்டுக் கம்பெனிகளை முந்திய பிறகு, 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் டயர்க் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு டயர். விளம்பரக்காரர் அலீக் பதம்சி தசைமனிதனை உருவாக்கியது 1964இல். டெண்டுல்கர் மட்டையில் பெயர் ஏறியது 1996க்குப் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறவர்கள் பலூன் கொட்டகையையும் ரப்பர் காய்ச்சியவர்களையும் கதையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் காலண்டரின் மேல் எனக்குப் பகை இல்லை. அதில் நல்ல படங்கள் உண்டு. பல ஆண்டுகள் பெண்ணுடலைப் பண்டமாக வைத்த படங்களும் உண்டு. 2016இல் லீபோவிட்ஸ் செரீனா வில்லியம்ஸையும் பாட்டி ஸ்மித்தையும் யோகோ ஓனோவையும் சாதனைக்காக முன்னிறுத்தியபோது, முந்தைய வழி செல்லாது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கலை வரலாற்றில் அதற்கு ஓரிடம் கொடுங்கள், ஆட்சேபம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

வைத்தால் விளைவு உண்டு. மீட்சிக்குக் காரணம் கதை என்றால், வீழ்ச்சிக்குக் காரணமான கான்டினென்டல் சாகசத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மிலானின் பிக்கொக்கா பகுதியில் பிரெல்லி தொழிலாளர்கள் 1968இல் சங்கத் தலைமைகளையும் மீறித் தாங்களே குழு அமைத்துப் போராடிய வரலாறு ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கும். அந்த ஆலை நிலம் பின்னர் பல்கலைக்கழகமும் அரங்கும் அலுவலகங்களுமாக மாறியபோது வேலையிழந்தவர்கள் அடிக்குறிப்பிலும் இடம்பெற மாட்டார்கள். நாளைக்கு ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு கம்பெனி நஷ்டத்தில் தள்ளாடும்போது, சோதனைக் கூடத்துக்கு ஒதுக்க வேண்டிய பணம் ‘பாரம்பரியப் பிரச்சார’த்துக்குப் போகும். அதைப் பரிந்துரைத்த ஆலோசகர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்.

கடைசியாக ஒரு கணக்கு. கொரோனா காரணமாக 2021ஆம் ஆண்டுக்கான பிரெல்லி காலண்டர் வெளிவரவில்லை. 2020இல் சுமார் 430 கோடி யூரோவாக இருந்த கம்பெனியின் விற்பனை, காலண்டர் இல்லாத 2021இல் 533 கோடி யூரோவானது. ஊரடங்கு தளர்ந்து கார்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன, டயர்கள் தேய்ந்தன.